‘வெட்டி’யாக இருப்பது என்றால் என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர்த் தேநீர்க் கடையில் காதில் விழுந்த பேச்சு இது.

“உங்க சின்னவன் இப்ப என்ன பண்றாப்ல?”

“எங்க... வேலைவெட்டி இல்லாம சுத்திக்கிட்டுக் கிடக்கான்.”

“அப்ப வெட்டியாத்தான் இருக்காப்லன்னு சொல்லுங்க.”

இரண்டு பெரியவர்களும் ஒரே பையனைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பதில் சொன்னவர் கணக்குப்படி அவனிடம் வெட்டி இல்லை. கேட்டவர் கணக்குப்படி அவன் வெட்டியாக இருக்கிறான். இரண்டும் ஒரே பொருள்தான், ஒருவரையொருவர் மறுக்கவும் இல்லை. இந்த முரண்பாடு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தக் கேள்வி பதில்கள்.

‘வெட்டி’ என்றால் இன்றைக்கு என்ன பொருள்?

வேலை எதுவும் இல்லாமல் இருப்பது, பயனில்லாதது, வீண். ‘வெட்டியாக இருக்கிறேன்’ என்றால் செய்ய ஒன்றும் இல்லை. வெட்டிப் பேச்சு, வெட்டிக் கதை, வெட்டிச் செலவு, வெட்டி பந்தா என்று எதற்கு முன்னால் ஒட்டினாலும் அது வீண் என்றாகிவிடும். ஆளைக் குறித்தால் வெட்டிப்பயல். கொஞ்சம் செல்லமாகச் சொல்ல வேண்டுமென்றால் வெட்டி ஆபீசர்.

அப்படியானால் ‘வேலைவெட்டி’யில் வருகிற வெட்டி வேறு சொல்லா?

அதே சொல்தான், பழைய பொருளோடு அங்கே உட்கார்ந்திருக்கிறது. தமிழில் நாம் இணைச்சொற்களாக அடுக்குபவை பெரும்பாலும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை: காடுகழனி, வீடுவாசல், நகைநட்டு. வேலைவெட்டியும் அப்படித்தான். வேலை ஒரு வகை உழைப்பு, வெட்டி இன்னொரு வகை உழைப்பு. ‘வேலையும் இல்லை வெட்டியும் இல்லை’ என்றால் எந்த வகை உழைப்பிலும் அவன் இல்லை என்று அர்த்தம்.

இப்போது அந்தச் சொல்லைத் தனியாகப் பார்க்கிறவர்களுக்கு ‘வெட்டி’ சும்மா மோனைக்கு ஒட்டிக்கொண்ட வால் மாதிரித் தெரியும். அது வால் இல்லை.

சரி, வெட்டி எந்த வகை உழைப்பு?

கூலி இல்லாத கட்டாய வேலை. அரசுக்கோ ஊருக்கோ கோயிலுக்கோ குடிகள் கொடுத்தே தீர வேண்டிய உடல் உழைப்பு. நெல்லாகவும் காசாகவும் வரி கொடுப்பது போல ஆளாகவும் வரி கொடுக்க வேண்டும். அந்த ஆள்வரியின் பெயர் வெட்டி.

இன்று ஒன்றும் செய்யாதவனைத் திட்டப் பயன்படும் சொல், ஒரு காலத்தில் ஊரிலேயே அதிகமாக முதுகு வளைந்தவனின் வேலைக்குப் பெயர்.

இதற்கு என்ன ஆதாரம்?

சோழர் காலக் கல்வெட்டுகள். அவற்றில் வரிப் பெயர்கள் நூற்றுக்கணக்கில் வருகின்றன. பலவற்றுக்கு இன்றும் சரியான பொருள் பிடிபடவில்லை. ஆனால் அடிக்கடி வருபவை ஒரு கை அளவுதான்: கடமை, குடிமை, அந்தராயம், எச்சோறு, முட்டையாள், வெட்டி. நொபுரு கராஷிமா போன்ற ஆய்வாளர்கள் இந்தச் சொற்கள் எந்த மண்டலத்தில், எந்தக் காலத்தில், எத்தனை முறை வருகின்றன என்று எண்ணியே சோழர் வரி அமைப்பை விளக்க முயன்றார்கள். அந்த எண்ணிக்கையில் முன்வரிசையில் நிற்கும் சொற்களில் வெட்டி ஒன்று.

பக்கத்தில் இருக்கும் சொற்களைப் பார்த்தாலே வெட்டியின் இனம் புரியும். எச்சோறு என்பது ஊருக்கு வரும் அதிகாரிகளுக்குக் குடிகள் சோறு போட வேண்டிய கடமை. முட்டையாள் என்பதும் ஆள் கொடுக்கும் கடமைதான் (கோழிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை). அமஞ்சி என்று இன்னொரு சொல் உண்டு, அதுவும் கூலியில்லா வேலை. ஆக, காசு, நெல், சோறு, உழைப்பு என்று நாலு வழியாகவும் குடியானவனிடமிருந்து எடுக்க வழி இருந்தது.

கோயிலுக்கு நிலம் கொடுக்கும்போது இவற்றையெல்லாம் பெயர் சொல்லி விலக்கி ‘இறையிலி’ ஆக்குவார்கள். அதைப் படித்துவிட்டு மக்கள் வெட்டியிலிருந்து தப்பினார்கள் என்று மகிழ வேண்டாம். பல சமயம் அரசுக்குப் போய்க்கொண்டிருந்தது கோயிலுக்குப் போனது, அவ்வளவுதான். மண்வெட்டி பிடித்த கை மாறவில்லை.

வெட்டியாக என்ன வேலை வாங்கினார்கள்?

காவிரிப் படுகையை வைத்து யோசித்தால் விடை பெரும்பாலும் தண்ணீர்தான். வாய்க்காலில் ஆண்டுதோறும் வண்டல் சேரும், கரை சரியும், ஏரி மேடாகும். கோடையில் தூர்வாரி, கரை உயர்த்தி, மதகடியைச் சரிசெய்தால்தான் ஆடியில் தண்ணீர் கடைமடைக்குப் போகும். இதற்கு ஒரே நேரத்தில் நிறைய ஆட்கள் வேண்டும், அந்த ஆட்களை வெட்டி தந்தது. பாதை போடுவது, சுமை தூக்குவது, ஓலை கொண்டுபோவது போன்றவையும் கட்டாய உழைப்பில் அடங்கியவைதான்.

இது சோழரோடு முடிந்த கதையும் அல்ல. குடிமராமத்து என்ற பெயரில் ஊரார் கூடித் தூர்வாரிய வழக்கத்தை நாம் இன்று ஏக்கத்தோடு பேசுகிறோம். அந்த ‘ஊரார்’ யார், கரையில் குடை பிடித்து நின்றவர் யார், சேற்றில் இறங்கியவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. ஆங்கிலேயர் ஆட்சியிலும் 1858இல் சென்னை மாகாணத்துக்கென்றே ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. ஏரி, ஆற்றுக் கரை உடையும் ஆபத்து வந்தால் ஊராட்களை அதிகாரி வேலைக்கு இழுக்கலாம் என்றது அது. ஒரு வித்தியாசம், அந்தச் சட்டத்தில் கூலி உண்டு.

வாய்க்கால் வெட்டியதால்தான் ‘வெட்டி’ என்று பெயர் வந்ததா?

எனக்கு அதிகமாக வரும் கேள்வி இதுதான். கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவ்வளவு பொருத்தமாக இருக்கிறது. மண்ணை வெட்டுகிற வேலை, அதனால் வெட்டி. தமிழ் வேரையே விரும்பும் அறிஞர்களும் இந்தப் பக்கம்தான்.

மறுபக்கம் சொல்வது, இது ‘விஷ்டி’ என்ற வடசொல்லின் திரிபு என்பது. எனக்கு இதுதான் சரியென்று படுகிறது. காரணங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, விஷ்டி என்ற சொல்லின் பொருளே கூலியில்லாக் கட்டாய வேலை. அர்த்தசாஸ்திரத்தில் அது வருகிறது. குஜராத்தில் ஜூனாகத் அருகே ஒரு பாறையில் ருத்ரதாமன் என்ற சகப் பேரரசன் பொ.ஆ. 150 வாக்கில் பொறித்த கல்வெட்டு இருக்கிறது. சுதர்சனம் என்ற ஏரியின் கரை புயல் மழையில் உடைந்துபோன கதை அது. உடைப்பு 420 முழ நீளம், அதே அளவு அகலம், 75 முழ ஆழம் என்று அளவு முதற்கொண்டு கொடுத்திருக்கிறார்கள். கரையைத் திரும்பக் கட்டியதைச் சொல்லும்போது, நகரத்து மக்களையும் நாட்டுப்புறத்து மக்களையும் வரியாலும் விஷ்டியாலும் ‘பிரணயம்’ என்ற கட்டாய நன்கொடையாலும் வருத்தாமல், தன் கருவூலப் பணத்திலேயே கட்டினான் என்று பெருமைப்படுகிறது. ஏரி வேலைக்கு விஷ்டி வாங்காதது ஓர் அரசன் கல்லில் வெட்டிப் பெருமைப்படும் அளவுக்கு அபூர்வம் என்றால், வழக்கம் என்னவென்று புரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது, கன்னடம். தமிழில் வகரத்தில் தொடங்கும் சொற்கள் கன்னடத்தில் பகர ஒலியோடு தொடங்கும்: வேர் அங்கே பேரு, வெள்ளி அங்கே பெள்ளி. நம் வெட்டிக்குக் கன்னடத்தில் இருப்பது ‘பிட்டி’. ‘பெட்டி’ இல்லை, ‘பிட்டி’. முதல் எழுத்தில் இகரம் நிற்கிறது, விஷ்டியில் இருப்பது போல. தமிழ் ‘வெட்டு’தான் மூலம் என்றால் அந்த இகரத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, பரப்பு. தமிழில் வெட்டி, தெலுங்கில் வெட்டி, கன்னடத்தில் பிட்டி, எல்லா இடத்திலும் பொருள் மண் தோண்டுவது அல்ல, கூலி இல்லாமை.

ஆனால் ஒன்று. சொல் வடக்கிலிருந்து வந்திருந்தாலும், தமிழ்க் காதுக்கு அது ‘வெட்டு’ என்றுதான் கேட்டிருக்கும். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வெட்டிக்குப் போனவன் இரண்டையும் பிரித்துப் பார்த்திருக்க மாட்டான். சொல் இங்கே இவ்வளவு ஆழமாக வேர் பிடித்ததற்கு அந்தத் தற்செயல் ஒற்றுமையும் உதவியிருக்கும் என்பது என் ஊகம்.

கூலியில்லா வேலைக்குப் பெயரான சொல், வேலையே இல்லாமைக்குப் பெயரானது எப்படி?

ஒரே தாவலில் போகவில்லை. நடுவில் ஒரு படி இருக்கிறது, அந்தப் படி இன்னும் பேச்சில் உயிரோடு இருக்கிறது. ‘வெட்டிக்கு’ என்ற வடிவத்தைக் கவனியுங்கள். “காலையிலேர்ந்து வெட்டிக்கு அலைஞ்சேன்”, “அவனுக்கு வெட்டிக்கு உழைச்சுக் கொட்டினேன்”. இங்கே பேசுகிறவர் சும்மா இருக்கவில்லை. அலைந்திருக்கிறார், உழைத்திருக்கிறார், கைக்கு ஒன்றும் வரவில்லை. கூலிக்கு உழைத்தேன் என்பதன் நேர் எதிர்ப்பதம் இது.

கூலி வராத வேலை என்பது மெல்ல பயன் வராத வேலை என்று ஆகிறது. ‘வெட்டி வேலை’ என்ற தொடரிலேயே இரண்டு பொருளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பழைய காதுக்கு அது சம்பளமில்லாத வேலை, புதிய காதுக்கு அது உருப்படாத வேலை. உருப்படாத வேலை செய்கிறவனும் வேலையே செய்யாதவனும் வீட்டுக்குக் கொண்டுவருவது ஒன்றுதான், வெறுங்கை. வீட்டில் இருப்பவர்கள் பார்ப்பது அந்தக் கையைத்தான். அப்புறம் என்ன, செய்கிறவன் செய்யாதவன் இருவருக்கும் ஒரே பெயர் ஆகிவிட்டது.

‘வேலைவெட்டி இல்லாதவன்’ என்ற தொடரும் இதைத் தள்ளிவிட்டிருக்கலாம். எப்போதும் ‘இல்லாத’ என்பதோடேயே புழங்கிய சொல், அந்த இல்லாமையின் நிறத்தையே பூசிக்கொண்டது போலிருக்கிறது.

இதே வழியில் போன இன்னொரு சொல்லைச் சொன்னால் நம்பிக்கை வரும்: தண்டம். முதலில் அது தண்டனை, அபராதம். அபராதமாகக் கட்டிய பணத்தால் கட்டியவனுக்கு எந்தப் பலனும் இல்லை, ஆகவே ‘தண்டச் செலவு’. பலனில்லாமல் சாப்பிடுகிறவன் தண்டச்சோறு. கடைசியில் ஆளே தண்டம். “தண்டம், வெட்டிப்பயல்” என்று ஒரே மூச்சில் ஓர் அப்பா மகனைத் திட்டும்போது, பழைய வரிக்கணக்கின் இரண்டு இனங்களை வாசிக்கிறார் என்பது அவருக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது.

மற்ற மொழிகளில் இந்தச் சொல் எங்கே போய் நின்றது?

ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு பக்கம். கன்னடத்துப் பிட்டி இன்று பெரும்பாலும் இலவசம். பிட்டியாகக் கிடைத்தது என்றால் காசு கொடுக்காமல் கிடைத்தது. வாங்குகிறவன் பக்கத்திலிருந்து பார்த்தால் கூலியில்லா வேலை இலவசம்தானே.

தெலங்கானாவில் அந்தச் சொல் மென்மையாக மாறவே நேரம் கிடைக்கவில்லை. நிஜாம் ஆட்சியில் தொரைகள், தேஷ்முக்குகள் என்ற பெருநிலக்காரர்கள் வாங்கிய ‘வெட்டி சாகிரி’, இன்றைய முதியவர்களுடைய பெற்றோர் நேரில் பட்ட துன்பம். வண்ணார் துணி வெளுத்துக் கொடுக்க வேண்டும், குயவர் பானை கொடுக்க வேண்டும், செருப்புத் தைப்பவர் செருப்பு கொடுக்க வேண்டும், எல்லாம் கூலியில்லாமல். 1946 முதல் 1951 வரை நடந்த ஆயுதப் போராட்டத்தில் நிலத்துக்கு நிகராக ஒலித்த கோரிக்கை, வெட்டியை ஒழிப்பது. ஆகவே ஒரு தெலுங்கு நண்பரிடம் “நான் வெட்டியாக இருக்கிறேன்” என்று சிரித்துக்கொண்டே சொன்னால் அவர் ஒரு கணம் திகைக்கக்கூடும்.

உலகத்தில் வேறு இடங்களில் இதே வகைச் சொற்கள் போன பாதையும் வேடிக்கையானது. பிரான்சில் விவசாயிகள் சாலை போடக் கொடுத்த கட்டாய உழைப்புக்கு ‘கொர்வே’ என்று பெயர். இன்றைய பிரெஞ்சில் பாத்திரம் கழுவுவது மாதிரியான சலிப்பூட்டும் வேலைக்கு அந்தப் பெயர். செக் மொழியில் பண்ணைக்காரனுக்குச் செய்த கட்டாய வேலை ‘ரோபோட்டா’. அதிலிருந்துதான் காரெல் சாப்பெக் 1920இல் எழுதிய நாடகத்தில் வரும் செயற்கை உழைப்பாளிகளுக்கு ‘ரோபோட்’ என்ற பெயர் கிடைத்தது. சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெப். அங்கே கட்டாய உழைப்பாளியின் பெயர் ஓய்வே இல்லாத எந்திரத்துக்குப் போனது. இங்கே திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பவனுக்கு வந்தது.

‘வெட்டியான்’ என்ற சொல் குழி வெட்டுவதால் வந்ததுதானே?

அப்படித்தான் பலர் நினைக்கிறார்கள், நானும் வெகுகாலம் அப்படி நினைத்தவன்தான். வெட்டி என்ற ஊர்ப்பணியைச் செய்தவர் வெட்டியான். மயான வேலை அவர் மேல் சுமத்தப்பட்ட பலவற்றில் ஒன்று. தண்டோரா போடுவது, ஊருக்கு ஊர் சேதி கொண்டுபோவது, அதிகாரி வந்தால் மூட்டை சுமப்பது, வரி வசூலின்போது ஆட்களை அழைத்துவருவது, சில ஊர்களில் வயலுக்குத் தண்ணீர் திருப்புவது எல்லாம் அதில் அடங்கும். கிராம நிர்வாகத்தில் மணியக்காரர், கர்ணம் ஆகியோருக்குக் கீழே தலையாரி, வெட்டி, நீர்கட்டி என்று அடுக்கு இருந்தது. ஆம், ‘வெட்டி’ என்பது அரசு ஏட்டில் ஒரு பதவிப் பெயர். அந்தப் பணியாளர்கள் இன்று கிராம உதவியாளர்கள்.

இந்தப் பணியை எந்தச் சாதியார் தலையில் கட்டினார்கள் என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். பறையர் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக, விருப்பம் கேட்காமல். அதனால் அந்தச் சொல் இன்று வசவாகவே விழுகிறது. மயானப் பணியாளர் என்று சொல்ல இரண்டு நொடி கூட ஆகாது.

‘ஊழியம்’ என்பதும் கூலியில்லா வேலைதானா?

ஒரு காலத்தில் ஆம். இது வெட்டியின் அண்ணன் தம்பி மாதிரி, ஆனால் விதி வேறு. 19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில், நாஞ்சில் நாட்டுத் தமிழர்கள் உட்பட, ஒடுக்கப்பட்ட சாதியார் அரசுக்குச் செய்த கட்டாய வேலைக்கு ‘ஊழியம்’ என்றுதான் பெயர். டச்சுக்காரர் ஆண்ட இலங்கையிலும் ‘ஊழியம்’ என்று ஒரு கட்டாயக் கடமை இருந்தது.

அந்தச் சொல் இன்று எங்கே இருக்கிறது பாருங்கள். அரசு ஊழியர், வங்கி ஊழியர், தேவாலய ஊழியம். மாதச் சம்பளம், பஞ்சப்படி, ஓய்வூதியம் எல்லாவற்றோடும். ஊழியத்துக்குத் தெய்வத் தொண்டு, குருத் தொண்டு என்று ஒரு கௌரவமான பக்கமும் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிட்டது. வெட்டிக்கு அப்படி ஏணி எதுவும் கிடைக்கவில்லை.

“என்னத்த வெட்டி முறிச்சே?” என்கிறார்களே, அது?

அது வெட்டு என்ற வினை. மரம் வெட்டி முறிப்பது, அதாவது பெரிய வேலை. கிண்டலாக எதிர்மறைக்குப் பயன்படுகிறது. வெட்டிவேர், மண்ணை வெட்டி எடுக்கிற வேர். ‘வெட்டிப் பேசினான்’ என்றால் மறுத்துப் பேசினான், ‘வெட்டிப் பேச்சு’ என்றால் வீண் பேச்சு. எழுத்தில் ஒன்று போலவே இருக்கும் இந்த இரண்டையும் நாம் குழப்பிக்கொள்வதே இல்லை என்பது ஆச்சரியம்தான்.

வெட்டியாக இருப்பதும் சும்மா இருப்பதும் ஒன்றா?

இல்லை, பெரிய வித்தியாசம். ‘சும்மா இரு’ என்று தெய்வமே சொல்லும். முருகன் தனக்கு “சும்மா இரு சொல் அற” என்று உபதேசித்ததாக அருணகிரிநாதர் பாடுகிறார். மதயானையை வசப்படுத்தலாம், கரடி புலியின் வாயைக் கட்டலாம், சிங்கத்தின் முதுகில் ஏறலாம், ஆனால் “சிந்தையை அடக்கியே சும்மா இருக்கின்ற திறம் அரிது” என்கிறார் தாயுமானவர். யாராவது எந்தச் சித்தரையும் ‘வெட்டியாக இரு’ என்று வாழ்த்தியதுண்டா?

சும்மா திராவிடக் குடும்பத்துச் சொல். கன்னடத்தில் சும்மனெ, மலையாளத்தில் சும்மா. அதன் பொருள்கள் பத்துக்கும் மேல் போகும்: பேசாமல், காரணமில்லாமல், விளையாட்டுக்கு, அடிக்கடி (சும்மா சும்மா போன் பண்ணாதே), காசில்லாமல், மிகையான பாராட்டுக்கு (சும்மா அதிருது). மலாய் மொழிக்கும் போயிருக்கிறது. அங்கே ‘சுமா’ என்றால் வெறுமனே, மட்டும். ‘பெர்சுமா’ என்றால் இலவசம், வீண் இரண்டும். கோலாலம்பூரில் ஒரு கடையில் ‘பெர்சுமா’ என்று எழுதியிருந்தால், சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்று பொருள், ஏறக்குறைய தமிழிலேயே.

தலைச்சுமைக்கு அடியில் வைக்கும் சும்மாடு இதோடு சேராது, அது சுமையைச் சேர்ந்தது. அதைவிட வேடிக்கை, ‘சும்மை’ என்று ஒரு பழஞ்சொல் உண்டு, தொல்காப்பியம் அதற்குச் சொல்லும் பொருள் அரவம், அதாவது சத்தம்.

சோம்பல், மடி இவை?

இவை குணம். வெட்டி நிலைமை. வேலை கிடைக்காமல் வெட்டியாக இருப்பவர் சுறுசுறுப்பானவராக இருக்கலாம், நல்ல வேலையில் இருப்பவர் சோம்பேறியாக இருக்கலாம். வள்ளுவர் எடுத்துக்கொண்ட சொல் மடி. அதற்கென்றே ஓர் அதிகாரம், மடியின்மை. “மடிமடிக் கொண்டொழுகும் பேதை பிறந்த குடிமடியும் தன்னினும் முந்து” என்று மூன்று முறை மடியைப் போட்டு அடித்திருக்கிறார். முதல் மடி அழிவு, இரண்டாவது சோம்பல், மூன்றாவது அழியும். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது இதை நாக்குச் சுளுக்கும் விளையாட்டாகத்தான் நினைத்தேன்.

‘ஓசி’யும் இந்தக் குடும்பமா?

இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவல் கடிதங்கள் தபால் கட்டணமில்லாமல் போனதால், அவற்றின் மேல் போட்ட முத்திரை எழுத்துகளிலிருந்து வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை நன்றாக இருக்கிறது. அவ்வளவு நன்றாக இருக்கும் கதைகளை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்பேன்.

சட்டத்தில் ‘வெட்டி’ என்ற சொல் இருக்கிறதா?

இருக்கிறது. அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. அங்கே பயன்படுத்திய சொல் வடநாட்டு வழக்கான ‘பேகார்’. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இந்தியாவெங்கும் புழங்கிய கொத்தடிமை முறைகளின் ஊர்ப்பெயர்களை வரிசையாகக் கொடுக்கிறது. படியாள், பண்ணையாள் எல்லாம் அதில் உண்டு. அந்த நீளமான பட்டியலில் வெட்டியும் இருக்கிறது. அங்கே மட்டும் அதற்குச் சோழர் காலத்துப் பொருள்.

வீட்டில் இருக்கும் பெண்களை ‘வெட்டியாத்தானே இருக்கே’ என்று சொல்கிறார்களே?

சொற்பிறப்பு தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. எங்கள் அப்பாயி காலை நாலரைக்குச் சாணம் தெளித்துத் தொடங்கி, இரவு உலைமூடியைக் கவிழ்க்கும்வரை உட்கார்ந்து பார்த்ததில்லை. வீட்டுக்கு வரும் கணக்கெடுப்புக்காரர் ‘என்ன வேலை?’ என்று கேட்டால், அவரே சொல்லும் பதில், “வேலை என்ன வேலை, வீட்ல சும்மாத்தான்”. பழைய பொருளில் பார்த்தால் அவர் செய்தது துல்லியமாக வெட்டி: கூலி கிடையாது, மறுக்கவும் முடியாது. புதிய பொருளில் அவரைச் சுட்டும்போது மட்டும் சொல் பொய்யாகிறது.

‘வெட்டி பேச்சு’ சரியா, ‘வெட்டிப் பேச்சு’ சரியா?

ஒற்று மிகும். வெட்டிப் பேச்சு, வெட்டிச் செலவு, வெட்டிக் கதை. ‘வெட்டி பந்தா’வில் மட்டும் ஒற்றுப் போட எனக்கு மனம் வரவில்லை. அந்தப் ‘ப’ வேறு ஒலி.

கல்வெட்டில் இந்தச் சொல்லை நேரில் பார்க்க முடியுமா?

முடியும், கொஞ்சம் பொறுமை வேண்டும். காவிரிக் கரைக் கோயில்களில் கருவறையைச் சுற்றி அடிப்பகுதிக் கற்களைப் பாருங்கள். மாலை நான்கு மணிக்கு மேல், வெயில் சாய்வாக விழும்போது எழுத்து எழுந்து நிற்கும். சுண்ணாம்பு அடித்த சுவர் என்றால் விட்டுவிடுங்கள். முதலில் அச்சில் பழகிக்கொள்ள விரும்பினால், 1890இலிருந்து வரத் தொடங்கிய தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள் பெரிய நூலகங்களில் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. கல்வெட்டில் பொதுவாகப் புள்ளி வைக்க மாட்டார்கள். குறில் ‘வெ’வுக்கும் நெடில் ‘வே’வுக்கும் ஒரே கொம்புதான். ஆகவே கல்லில் நீங்கள் பார்ப்பது ‘வெடடி’. என்னோடு வந்த நண்பர் ஒருவர் அதை விரல் வைத்துக் கூட்டிக் கூட்டிப் படித்துவிட்டு, “பாவிங்க, வேட்டிக்குமா வரி போட்டான்?” என்றார்.